முறிந்த காலை ஊன்றினால் எலும்பு சீக்கிரம் கூடுமா?

கேட்டவர் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணுக்காலுக்குச் சற்று மேலே கீழ்க்கால் எலும்பு முறிந்து, பிளேட் என்ற உலோகத் தகடு வைத்து ஆபரேஷன் முடிந்து நான்கு வாரம் ஆகிறது. ஆறு வாரம் வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருடைய நண்பருக்கு அதே எலும்பு நடுவில் முறிந்து, உள்ளே நெய்ல் என்ற நீண்ட உலோகக் கம்பி போட்டு, மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்துவிட்டார்கள். "பாரம் விழுந்தால்தான் எலும்பு வலுக்கும்" என்றும் எங்கோ படித்திருக்கிறார். அப்படியானால் ஊன்றாமல் இருப்பதே எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறதா, இப்போதே கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றிப் பார்க்கலாமா என்பது கேள்வி.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. முழுசாக இருக்கும் எலும்புக்குப் பாரம் என்ன செய்யும் என்பது ஒன்று. முறிந்த இடத்தில், இன்னும் எலும்பாகவே ஆகாத ஒரு பொருளுக்கு அதே பாரம் என்ன செய்யும் என்பது இன்னொன்று. நீங்கள் படித்தது முதலாவதைப் பற்றி. உங்கள் காலுக்குள் நடந்துகொண்டிருப்பது இரண்டாவது. இருபது வருஷத்துக்கு மேலாக எலும்பு முறிவுகளுக்கு அறுவை சிகிச்சை செய்கிறேன். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்ததால் நன்றாகக் கூட வேண்டிய முறிவுகள் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

முழு எலும்பைப் பொறுத்தவரை நீங்கள் படித்தது சரிதான், அதில் சந்தேகம் இல்லை. யூலியஸ் வொல்ஃப் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1892-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: எலும்பு தன் மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளும். டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையை விடத் தடித்திருக்கும். விண்வெளியில் எடையே இல்லாமல் இருக்கும் வீரர்களுக்கு இடுப்புப் பகுதி எலும்பில் மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை கரைந்துபோகிறது. எலும்புக்குள் புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் என்ற செல்கள்தான் இதற்குக் காவலாளிகள். எலும்பு துளி வளைந்தாலும் அவற்றைச் சுற்றியுள்ள நுண்ணிய கால்வாய்களில் திரவம் நகரும். அந்த ஓட்டத்தை அவை உணர்ந்துகொள்ளும். சுமை இருந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைக் குறைத்துக்கொள்ளும். எலும்பு வளர்வதற்குப் பிரேக் போடும் புரதம் அது. பிரேக் தளர்ந்தால் புது எலும்பு படியும்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஸ்கிளிரோஸ்டினை அடக்கும் ரோமோசோசுமாப் என்ற ஊசி, எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது. அதே மருந்தை இடுப்பு முறிவுக்கும் கீழ்க்கால் முறிவுக்கும் கொடுத்துச் சோதித்தார்கள். முறிவு சீக்கிரம் கூடவில்லை. முழு எலும்பை வலுவாக்கும் வழி முறிவைக் கூட்டும் வழியாகவும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

ஏன் அப்படி? முறிந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதல் சில நாட்கள் வெறும் ரத்தக்கட்டு. பிறகு புண் ஆறும்போது வருவது போன்ற சிவந்த இளஞ்சதை. இரண்டு மூன்று வாரத்தில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மெத்தென்ற பிணைப்பு. அதற்கப்புறம்தான் சுண்ணாம்பு ஏறி இறுகும். இந்த ஒவ்வொன்றும் எவ்வளவு இழுபட்டால் அறுந்துபோகும் என்பதை சுவிட்சர்லாந்தின் ஸ்டீபன் பெரன் 1970-களின் கடைசியில் ஒரு கணக்காகச் சொன்னார். இளஞ்சதை தன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு நீண்டாலும், அதாவது 100 சதவீதம் இழுபட்டாலும், தாங்கும். குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீதம் வரை தாங்கும். எலும்போ 2 சதவீதத்துக்கு மேல் தாங்காது. பள்ளிக்கூட இயற்பியலில் தகைவு, திரிபு என்று படித்தோமே, அந்தத் திரிபுதான் இது. அசைவை இடைவெளியால் வகுத்தால் வருவது.

அந்த வகுத்தலில்தான் விஷயமே இருக்கிறது. ஒரே ஒரு கோடாக முறிந்து, இரண்டு முனைகளையும் நெருக்கி வைத்திருக்கிறோம், இடைவெளி 0.1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் ஊன்றும்போது அது 0.1 மில்லிமீட்டர் அசைந்தால் திரிபு 100 சதவீதம். அங்கே எலும்புச் செல் எதுவும் பிழைக்காது. அதே 0.1 மில்லிமீட்டர் அசைவு, பல துண்டாக நொறுங்கி மொத்தம் 10 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள முறிவில் நேர்ந்தால் 1 சதவீதம்தான். எலும்பு தாராளமாக உருவாகலாம். கண்ணுக்கே தெரியாத அசைவு சுத்தமான முறிவைக் கெடுத்துவிடும், பார்க்க பயங்கரமாக இருக்கும் நொறுங்கிய முறிவோ அதைப் பொருட்படுத்தாது. நான் படிக்கிற காலத்தில் இதை ஏற்றுக்கொள்ள எனக்கே நாளாயிற்று.

உடம்பும் இந்தக் கணக்கைத் தன் வழியில் போட்டுக்கொள்கிறது. அசைவு அதிகமாக இருந்தால் முறிந்த முனைகளைக் கொஞ்சம் அரித்து இடைவெளியை அகலமாக்கும். அசைவு அதேதான், ஆனால் இடைவெளி பெரிதானதால் திரிபு குறைந்துவிடும். மாவுக்கட்டு போட்ட முறிவுகளில் இரண்டு மூன்று வாரம் கழித்து எக்ஸ்-ரே எடுத்தால் முறிவுக் கோடு முன்னைவிடத் தெளிவாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். "இன்னும் விலகிப்போய்விட்டதே" என்று பலர் பயந்து கேட்பார்கள். விலகவில்லை, உடம்பு இடம் பண்ணுகிறது. அடுத்ததாக, முறிவைச் சுற்றி வெளிப்பக்கத்தில் ஒரு பந்து போல நாரும் குருத்தெலும்புமாகக் கட்டும். அதுதான் கேலஸ். அந்தப் பொருள் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் சுற்றளவு பெரிது. ஒரு கழியின் விட்டம் இரண்டு மடங்கானால் அது வளைவதை எதிர்க்கும் வலு 16 மடங்காகும். ஒரு தாளை அப்படியே நிறுத்தினால் மடங்கிவிடும், குழலாகச் சுருட்டினால் நிற்கும். மெத்தென்ற கேலஸ், தடித்திருப்பதாலேயே அசைவை அடக்குகிறது. அசைவு அடங்கியதும் உள்ளே குருத்தெலும்பு பிழைக்கிறது. குருத்தெலும்பு இன்னும் அடக்க, எலும்பு பிழைக்கிறது. படிப்படியாக ஒன்று அடுத்ததற்கு வழிவிடுகிறது.

இந்தக் கேலஸ் கட்டுவதற்குக் கொஞ்சம் அசைவு தேவை என்பதும் உறுதியான விஷயம். இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் இருவரும் 1985-ல் வெளியிட்ட ஆடுகளின் மேலான சோதனை எங்கள் துறையில் எல்லோரும் படித்தது. காலில் 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, வெளியே சட்டம் பொருத்தி, தினம் 17 நிமிடம் மட்டும் 1 மில்லிமீட்டர் அளவுக்கு மேலும் கீழுமாக அசைத்தார்கள். விறைப்பாகவே பூட்டி வைத்த ஆடுகளைவிட அசைத்த ஆடுகளுக்கு நன்றாகக் கூடியது. பின்னர் அதே குழு இன்னொன்றையும் காட்டியது: ஆரம்பத்தில் நன்மை செய்த அதே அசைவை ஆறாவது வாரத்தில் ஆரம்பித்தபோது அது எலும்பு கூடுவதைத் தடுத்தது. நாட்கள் போகப்போக அங்கே இருக்கும் பொருள் மாறிவிடுகிறது அல்லவா. இளஞ்சதைக்கு ஏற்றது பாதி எலும்பான பொருளுக்கு ஏற்காது. "எவ்வளவு" என்பதோடு "எப்போது" என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இனி உங்கள் பிளேட்டுக்கும் நண்பரின் நெய்லுக்கும் வருகிறேன். நெய்ல் எலும்பின் நடுத் துவாரத்துக்குள் போகிறது. உடம்பின் பாரம் இறங்கும் அச்சும் அதுதான். ஊன்றும்போது முறிந்த முனைகள் ஒன்றை ஒன்று கொஞ்சம் அழுத்தும், சற்றே அசையும், பாரத்தை எலும்பும் நெய்லும் பங்கிட்டுக்கொள்ளும். கேலஸ் கட்டட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. அதனால் நண்பரை நடக்கச் சொன்னதில் அவசரம் ஒன்றுமில்லை.

பிளேட் எலும்பின் ஒரு பக்கத்தில் ஒட்டி உட்கார்கிறது. முறிவு ஒரே கோடாக இருந்து, ஸ்க்ரூவால் இறுக்கி நெருக்கியிருந்தால், அங்கே நாங்கள் எதிர்பார்ப்பது கேலஸ் அல்ல, கேலஸ் இல்லாமல் எலும்பு நேரடியாகக் கூடுவது. பெல்ஜியத்தின் ராபர்ட் டானிஸ் 1940-களில் இதைக் கவனித்து எழுதினார். 1958-ல் சுவிட்சர்லாந்தில் எலும்பு அறுவை மருத்துவர்கள் தொடங்கிய ஏ.ஓ. குழு இதை உலகமெங்கும் கொண்டுபோனது. இந்த வழியில் எலும்பைத் தின்னும் செல்கள் முன்னால் துளையிட்டுக்கொண்டே போக, பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் நிரப்பிக்கொண்டு வரும். முறிவுக் கோட்டைத் தையல் போடுவது மாதிரி குறுக்கே கடந்து போகும். ஒரு நாளைக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் போகாது, அவ்வளவு மெதுவான வேலை. நடுவில் கோடு அசைந்தால் தையல் அறுந்துவிடும். ஊன்ற வேண்டாம் என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான். முறிவின் கோடு மூட்டுக்குள் போயிருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: சரிசெய்து வைத்த மூட்டின் மேற்பரப்பு பாரத்தால் அமுங்கிவிடும்.

உலோகத்தின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியும். ஒருவர் நாளைக்கு 5,000 அடி நடக்கிறார் என்றால் ஒரு காலுக்கு 2,500. மாதத்துக்கு 75,000 முறை. எலும்பு அதற்குள் பாரத்தைக் கையில் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிளேட் தனியாகவே வளைந்து வளைந்து களைத்துவிடும். எனக்கு நன்றாக நினைவிருக்கும் ஒருவர், ஊன்றுகோலை மூன்றாவது வாரமே ஓரமாக வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வலியே இல்லை, அதனால் கூடிவிட்டது என்று நினைத்தார். பதினோராவது வாரம் மாடிப்படி இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். எக்ஸ்-ரேயில் முறிவுக்கு நேர் மேலே ஸ்க்ரூ போடாத காலித் துளையில் பிளேட் இரண்டாகியிருந்தது. விழவும் இல்லை, இடிபடவும் இல்லை. பிளேட் இருக்கும்போது வலி இல்லாததை வைத்து எலும்பு கூடிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது என்பதை அவரிடமிருந்துதான் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லப் பழகினேன்.

மறுபக்கத் தவறும் உண்டு, அதை எங்கள் தரப்புத் தவறு என்றே சொல்வேன். ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே பூட்டிக்கொள்ளும் லாக்கிங் பிளேட்டை நொறுங்கிய முறிவில் வைத்து, துளைக்குத் துளை ஸ்க்ரூ போட்டு இறுக்கினால், அங்கே அசைவே இருக்காது. கேலஸ் கட்ட வேண்டிய முறிவில் கேலஸ் வராது. அப்படிப்பட்ட எக்ஸ்-ரேக்களில் பிளேட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் கேலஸ் தெரியும், பிளேட்டை ஒட்டிய பக்கம் வெறுமையாக இருக்கும். ஒரே எலும்பில், ஒரே நாளில், அசைந்த பக்கம் கட்டியிருக்கிறது, அசையாத பக்கம் கட்டவில்லை. சுமையின் பங்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் படம் எனக்குத் தெரியவில்லை.

அசைவு அளவுக்கு மீறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு படம் உண்டு. முறிவின் இரண்டு பக்கமும் எலும்பு யானைக்கால் போலப் பெருத்து நிற்கும், நடுவில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடும். உயிரோட்டம் நன்றாகவே இருக்கிறது, உடம்பு மாதக்கணக்கில் முயன்றிருக்கிறது, ஆனால் கடைசி இடைவெளியைத் தாண்டவிடாமல் அசைவு அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அங்கே எலும்பு ஒட்டுப் போட வேண்டியதில்லை. பெரும்பாலும் இன்னும் உறுதியாகப் பிடித்து நிறுத்தினாலே போதும், சில மாதத்தில் அந்தக் கோடு மறைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ரத்த ஓட்டம் போய் முனைகள் கூராகத் தேய்ந்த முறிவில் எவ்வளவு ஊன்றினாலும் ஒன்றும் நடக்காது. பாரம் ஒரு சைகைதான், அதைக் கேட்டு வேலை செய்ய உயிருள்ள செல்கள் அங்கே இருக்க வேண்டும். புகைபிடிப்பது இங்கேதான் வந்து கெடுக்கிறது. நீங்கள் புகைபிடிப்பவர் என்றால், ஊன்றலாமா என்ற கேள்வியைவிட அதை விடுவது உங்கள் எலும்புக்குப் பெரிய உதவி.

இதுவரை எழுதியதில் பெரும்பகுதி எங்கள் துறையில் சர்ச்சை இல்லாதது. இனி, இன்னும் தீராதவை. எந்தத் திசை அசைவு நல்லது என்பது அதில் ஒன்று. எலும்பின் நீளவாக்கில் அழுத்தி விடும் அசைவு உதவுகிறது என்பதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. முனைகள் பக்கவாட்டில் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும் அசைவு கெடுதல் என்று சில விலங்குச் சோதனைகள் சொல்கின்றன, சாய்வான முறிவில் அது கெடுக்கவில்லை என்று வேறு சில சொல்கின்றன. அமெரிக்காவில் அகஸ்டோ சார்மியன்டோ 1960-களிலிருந்து கீழ்க்கால் முறிவுகளுக்கு முழங்காலுக்குக் கீழே மட்டும் இறுக்கமான கவசம் போட்டு நடக்கவிட்டார். வழுக்கல் எல்லாம் இருந்தும் பெரும்பாலானவை கூடின. எனவே முனைகள் வழுக்கினாலே எலும்பு சேராது என்று நான் சொல்லத் தயாராக இல்லை.

"எத்தனை கிலோ ஊன்றலாம்" என்பதும் அப்படித்தான். 20 கிலோ என்று எழுதிக் கொடுக்கிறோம். எடை மெஷினில் நின்று பழகியவர்கள்கூட நடக்கும்போது அதைத் தாண்டிவிடுகிறார்கள் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். போதாததற்கு, ஊன்றாமலே இருந்தாலும் எலும்பு சும்மா இல்லை. தசைகள் இழுக்கும்போதே அதன் மேல் கணிசமான அழுத்தம் விழுகிறது. சாதாரணமாக நடக்கும்போது இடுப்பு மூட்டில் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இறங்குவதற்கும் தசை இழுப்புதான் முக்கியக் காரணம். ஆகவே அந்த 20 ஒரு வழிகாட்டி, மருந்தின் அளவு போலத் துல்லியமானது அல்ல.

எங்கள் நம்பிக்கைகள் சீக்கிரம் ஊன்றும் பக்கமாக நகர்ந்து வருகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. வயதானவர்களின் இடுப்பு முறிவில் ஆபரேஷன் ஆன மறுநாளே முடிந்த அளவு ஊன்றச் சொல்வது இப்போது வழக்கம். படுத்தே இருந்தால் வரும் நுரையீரல் சளி, ரத்த உறைவு, படுக்கைப் புண் ஆகியவை முறிவைவிட ஆபத்தானவை. கணுக்கால் முறிவு ஆபரேஷனுக்குப் பிறகு 2 வாரத்தில் ஊன்றுவதையும் 6 வாரம் காத்திருப்பதையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2024-ல் லான்செட் இதழில் வந்தது. சீக்கிரம் ஊன்றியவர்களுக்குப் பாதகம் இல்லை என்று தெரிந்தது. ஆனால் கணுக்கால் மூட்டின் பக்க எலும்புகள் வேறு, உங்களுக்கு முறிந்த கீழ்க்கால் எலும்பு வேறு. அந்த முடிவை அப்படியே உங்கள் காலுக்குப் பொருத்தாதீர்கள். மெல்லிய அல்ட்ராசவுண்ட் அதிர்வு கொடுத்து எலும்பை வேகமாகக் கூட்டும் கருவிகளையும் சிலர் சொல்வார்கள். நெய்ல் போட்ட கீழ்க்கால் முறிவுகளில் அதைச் சோதித்த பெரிய ஆய்வு, 501 பேரை வைத்து, 2016-ல் வெளிவந்தது. பலன் எதுவும் இல்லை. நான் அதை எழுதிக் கொடுப்பதில்லை.

உங்கள் எக்ஸ்-ரேயை நான் பார்க்கவில்லை. முறிவு எப்படி ஓடுகிறது, பிளேட் நெருக்கி வைத்ததா அல்லது நொறுங்கிய பகுதியைத் தாண்டிப் பாலம் போல வைத்ததா, கோடு மூட்டுக்குள் போகிறதா என்பது தெரியாமல் "ஊன்றுங்கள்" என்று எந்த டாக்டரும் இங்கே எழுதக் கூடாது, நானும் எழுத மாட்டேன். அந்த மூன்றையும் உங்கள் டாக்டரிடம் அப்படியே கேளுங்கள். "ஏன் ஆறு வாரம்" என்று கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். காரணம் தெரிந்த நோயாளிதான் சொன்னபடி நடக்கிறார். அதுவரை, அவர் தடுக்காவிட்டால், படுத்தபடி தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ணி விடுவது, காலை நீட்டித் தூக்குவது, கால்விரல்களையும் கணுக்காலையும் அசைப்பது எல்லாம் செய்யலாம். தசை இழுப்பும் எலும்புக்குச் சுமைதான் என்று மேலே சொன்னேன் அல்லவா, நீங்கள் நினைப்பது போல உங்கள் எலும்பு பட்டினி கிடக்கவில்லை. கெண்டைச்சதை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஆறு வாரம் வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம்.

ஆறாவது வாரம் எடுக்கும் எக்ஸ்-ரேயைப் பற்றி ஒன்று. நண்பரின் படத்தில் பருத்தி உருண்டை மாதிரி கேலஸ் தெரியும், முன், பின், இரு பக்கம் என்ற நான்கு ஓரங்களில் குறைந்தது மூன்றில் பாலம் போட்டுக்கொண்டால் கூடிவிட்டது என்போம். உங்கள் படத்தில் அப்படி எதுவும் தெரியாமல் இருக்கலாம். பிளேட்டால் நெருக்கி வைத்த முறிவில் கோடு சத்தமில்லாமல் மங்கிக்கொண்டே வருவதுதான் நல்ல அடையாளம். அங்கே திடீரென்று பஞ்சு போல மங்கலாகக் கேலஸ் தெரிந்தால், அல்லது ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால், உள்ளே எதிர்பாராத அசைவு இருக்கிறது என்று சந்தேகப்படுவோம். அப்போது ஊன்றுவதைத் தள்ளிப்போட்டு, நான்கு வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.